நடைக் கணக்கு

காலை ஐந்து நாற்பது.
பள்ளத் தெரு முனையில் லாரியை நிறுத்துகிறேன்.
ஹாரன் அடிப்பதில்லை.
ஒன்பதாயிரம் லிட்டர் குலுங்கி அடங்கும் சத்தத்தில்
தூங்கத் தெரிந்தவர் வியாசர்பாடியில் இல்லை.

குடங்கள் முந்தியே வந்துவிட்டன.
பச்சை, ஊதா,
வாய் உடைந்து கம்பி கட்டிய ஆரஞ்சு.
ஆள் வராத இடத்தில் ஒரு செங்கல்.
செங்கல்லுக்கும் இங்கே முறை உண்டு.

கடைசியில் நோட்டு வரும்.
இருநூறு பக்கம், நீல அட்டை,
சணல் கட்டித் தொங்கும் பேனா.
ரஜியா பேகம் ஏணியில் ஏறி
மூடி திறந்து குச்சியை விடுவாள்.
ஈரம் எதுவரை, எத்தனை விரல் குறைவு,
மணி என்ன, வண்டி எண் என்ன.
நான் கையெழுத்து, கீழே அவள் கையெழுத்து.
அந்தத் தாள் போனால்தான் எனக்கு நடைக் காசு.

ஆறு வருஷம் இப்படி.
மறைப்பானேன், முதலில் எரிச்சல்தான்.
வழியில் ஒரு ஓட்டலுக்கு
நாலு டிரம் இறக்கிவிட்டு வந்த அன்று
அவள் ஏன் என்று கேட்கவில்லை.
"ஐந்து விரல்" என்று எழுதினாள்.
ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடை வாசல் கூட்டத்தில்
அதை வாசித்தாள்.
நானும் நின்றிருந்தேன்.

அதே வாசலில்
பூங்காவனம் கொண்டுவரும் உப்புப் பொட்டலம்
முதலில் தராசில் ஏறும்.
ஒரு கிலோ உப்பு ஒரு கிலோ காட்டினால்தான்
அரிசி மூட்டையைப் பிரிப்பார்கள்.

பிறகு தேர்தல் தள்ளிப்போனது.
மறுபடி தள்ளிப்போனது.
வார்டு ஆபீசுக்குப் பூட்டு,
பூட்டுக்குத் தனி அலுவலர்.
ஒருநாள் சுவரில்
காதுகுத்து வாழ்த்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில்
ஒரு தாள்:
கண்காணிப்புக் குழுக்கள் யாவும்
நிர்வாக நலன் கருதி
மறு உத்தரவு வரை நிறுத்திவைக்கப்படுகின்றன.
கீழே பெயர் இல்லை. முத்திரை மட்டும்.
ரஜியாவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு
தண்ணீரை அளக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது
என்று கேட்டார்களாம்.
தாகம் என்று சொல்லியிருப்பாள் என நினைத்தேன்.
"தெரு" என்றாளாம்.

காண்டிராக்டர் சிரித்தார்.
இனி கையெழுத்து வேண்டாம், ஜிபிஎஸ் போதும்.
மூணு நடை ஓட்டு, அஞ்சுன்னு எழுது.
ஜிபிஎஸ் லாரி எங்கே நின்றது என்று சொல்லும்.
டேங்க்கில் என்ன இருந்தது என்று
அதை யார் கேட்பது?

மறுநாள் ஐந்து நாற்பது.
குடங்கள். செங்கல்.
நோட்டும் வந்தது.
"குழுவே கிடையாதும்மா இப்போ" என்றேன்.
"தண்ணி இருக்குல்ல?"
"இருக்கு."
"அப்போ நோட்டும் இருக்கு."
ஏணியைப் பிடி என்பதுபோல் பார்த்தாள்.
கை, பழக்க தோஷம், பிடித்துவிட்டது.

கடைக்காரர் துரைக்கண்ணு பாடு வேறு.
உப்பு இல்லாமல் நிறுத்தால்
ஊரே அவரைத் திருடன் என்கிறது.
மூன்றாம் நாள் அவரே கேட்டார்,
"அந்த உப்பு எங்கேம்மா?"

சித்திரையில் இரண்டு தெருவுக்குச் சண்டை.
யாருக்கு எத்தனை நடை போனது?
ஆபீஸ் கணக்கில் எல்லாம் அஞ்சு அஞ்சு அஞ்சு.
ஜூனியர் இன்ஜினியர் இருட்டிய பிறகு வந்து
ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமா என்றார்.
"காலையில வாங்க சார்.
எல்லாரும் இருக்கும்போது
இங்கேயே உட்கார்ந்து பாருங்க."
வந்தார். குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

ஜெயித்துவிட்டோம் என்று சொல்லமாட்டேன்.
அந்தத் தாள் இன்னும் சுவரில்தான், மழையில் ஊறியும்.
தேர்தல் இன்னும் வரவில்லை.
செவ்வாய்தோறும் ஸ்டேஷனில்
ரஜியா கையெழுத்துப் போடுகிறாள்.
மற்ற நாளெல்லாம்
நான் அவளிடம்.

செவ்வாய்க்கிழமை குச்சி பூங்காவனத்திடம்.
அவளுக்கு ஏணியின் முதல் படி எட்டாது.
என் பொய்யைப் பிடிக்க வருகிறவளை
நானே கை கொடுத்து ஏற்றிவிடுகிறேன்.

இன்று இரண்டு விரல் குறைவு.
வால்வு ஒழுகுகிறது, மூலக்கடையிலிருந்தே.
எழுதிக்கோ என்றேன்.
எழுதிக்கொண்டுதான் இருந்தாள்.